கடிதம் போட்டாச்சு என்றார்கள்

கொழும்பு கம்பனியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகலாமா என்று மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் யாராவது என்னைக் கேட்டால் போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் பஸ் ஏறுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன, அதையெல்லாம் எனக்குச் சொல்லித்தர எங்கள் டிவிஷனில், அதாவது எங்கள் தோட்டப் பிரிவில், ஆள் இல்லை. கொழும்புக்கு வேலைக்குப் போனவர்கள் என்றால் கடைகளிலும் கார்மென்ட்ஸிலும் இருப்பவர்கள்தான், அவர்களை அண்ணனோ மாமாவோ கையோடு கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டிருப்பார்கள். விளம்பரம் பார்த்து, சீவி அனுப்பி, பரீட்சை எழுதி, மேலே மேலே படியேறிப் போகிற வேலைக்கு எங்கள் பக்கத்தில் முதலில் போனது நான்தான் என்று நினைக்கிறேன். 2025இல் எனக்கு நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன். கம்பனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிட்டு இதே மாதிரி நடத்துகிற இன்னொன்றுக்குப் போவீர்கள்.

எங்கள் தோட்டம் போகவந்தலாவைக்கு மேலே. கண்டியில் எச்என்டிஏ என்கிற கணக்கியல் டிப்ளோமா முடித்துவிட்டு ஹட்டனில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் 38,000. முதலாளி நல்ல மனிதர், ஆனால் அங்கே எத்தனை வருடம் இருந்தாலும் அதே மேசை, அதே பில் புத்தகம்தான். பேஸ்புக்கில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட் வேலைக்கு விளம்பரம் வந்தது, அறுபதாயிரத்துக்கு மேல் என்று போட்டிருந்தார்கள், அனுப்பினேன். கொஞ்ச நாளில் கம்பனியிலிருந்து ஒரு மிஸ் போன் எடுத்து, நாளைக் காலை ஒன்பது மணிக்கு வாருங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நாளைக் காலை! அப்போது மத்தியானம் இரண்டு மணி இருக்கும்.

கொழும்பில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு ஒன்பது மணி இன்டர்வியூ என்பது அரை நாள் வேலை. எங்களுக்கு அது முதல் நாள் மாலையே தொடங்கிவிடும். தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்கி, நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டன் வந்து, அங்கே இரவு மெயில் ரயிலுக்குக் காத்திருந்து, விடியற்காலை கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, அங்கேயே முகம் கழுவி உடுப்பு மாற்றி, பிறகு அந்தக் கம்பனியைத் தேடிப் போக வேண்டும். பெண் பிள்ளை என்பதால் தனியாக விட மாட்டார்கள், அப்பாவும் வந்தார். இரண்டு பேருக்கு டிக்கெட், சாப்பாடு, ஆட்டோ, திரும்பி வர அவிசாவளை வழியாக ஹட்டன் பஸ், எல்லாம் சேர்த்து ஆறாயிரம் ரூபாய் வரை போனது. அப்பாவுக்குப் பேர் விழாத, அதாவது வேலைக்குப் போகாததால் சம்பளம் இல்லாத நாட்கள் தனி. தோட்டத்தில் அப்போது ஒரு நாள் சம்பளம் 1,350. இந்தக் கணக்கைக் கம்பனியில் யாரும் போடுவதில்லை, போட வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. நாம்தான் போட வேண்டும், போட்டுவிட்டு வாயைத் திறந்து சொல்லவும் வேண்டும்.

கம்பனி ஹாலில் காத்திருந்தபோது காலிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு அன்றைக்கு இரண்டாவது இன்டர்வியூ. முதலாவதை ஸூமில் முடித்திருக்கிறாள். எப்படி என்று கேட்டால், “தூரம், வர முடியாது, ஒன்லைனில் செய்யலாமா என்று கேட்டேன், சரி என்றார்கள்” என்கிறாள். அவ்வளவுதான் விஷயம். எனக்கு வந்த கோபத்தில் அவள் கொடுத்த பிஸ்கட் தொண்டையில் இறங்கவில்லை. என்னிடம் யாரும் அதைச் சொல்லவில்லை, விளம்பரத்திலும் இல்லை, கேட்டவர்களுக்கு மட்டும் கிடைக்கிற சலுகை அது. எனவே முதல் கோல் வந்த உடனேயே நுவரெலியா மாவட்டத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லுங்கள். முதல் சுற்றை ஒன்லைனில் வைக்க முடியுமா, இல்லையென்றால் இரண்டு நாள் தள்ளி, பதினொரு மணிக்குப் பிறகு நேரம் தர முடியுமா என்று கேளுங்கள். பதினொரு மணி என்றால் ஹட்டனில் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தே போய்ச் சேர்ந்துவிடலாம், இரவு ரயிலில் உட்கார்ந்து தூங்கி எழுந்து போகிற முகத்தோடு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பரீட்சை கஷ்டமாக இல்லை. வங்கிக் கணக்கிணக்கம், சில்லறைக் காசேடு, எக்செல்லில் ஒரு பயிற்சி. நேர்முகத்தில்தான் தடுமாற்றம். முழுக்கச் சிங்களத்தில் பேசினார்கள். நான் டவுன் சிங்களம் நன்றாகப் பேசுவேன், ஆனால் தேய்மானம், முற்பணம், நிலுவை என்பதற்கெல்லாம் சிங்களத்தில் என்ன சொல்வது என்று யார் எனக்குப் படிப்பித்தார்கள்? நான் படித்தது ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் பதில் சொல்லலாமா என்று கேட்டபோது சரி என்றார்கள், கேட்கும் வரை ஒருவரும் அதைச் சொல்லவில்லை. எந்த மொழியில் இன்டர்வியூ என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் என் விலாசத்தைப் பார்த்து, “நங்கி (தங்கச்சி), எஸ்டேட்டா?” என்று ஒருவர் கேட்டார். லயத்திலா (தோட்டத்து வரிசை வீடுகளிலா) இருக்கிறீர்கள், அப்பா அம்மா என்ன வேலை, கல்யாணம் எப்போது, கல்யாணம் முடிந்தால் வேலையை விட்டுவிடுவீர்களா என்று போனது. வேலைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சிரித்துக்கொண்டே “இப்போதைக்கு அப்படி யோசனை இல்லை, இந்த வேலையில் என்ன என்ன பார்க்க வேண்டியிருக்கும்?” என்று பேச்சைத் திருப்பினேன், அது வேலை செய்தது. கோபப்பட்டாலும் நியாயம்தான், ஆனால் அந்த அறையில் கோபத்துக்கு விலை கொடுப்பது நாம்தான்.

இரண்டாவது முறை கூப்பிட்டார்கள், போனோம். பைனான்ஸ் மனேஜர் அன்றைக்கு வரவில்லை. ஒரு மெசேஜ் போட்டிருந்தால் போதும். அப்பா வெளியே செக்யூரிட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார், நான் வெளியே வந்து சொன்னதும் “சரி புள்ள, போவோம்” என்றதைத் தவிர பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. பிறகு இன்னொரு முறை போனோம், மனேஜர் இருந்தார், பத்து நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டார். அதற்குப் பிறகு எங்கே போவதானாலும் முதல் நாள் மாலை நான்கு மணிக்கு அவர்களுக்கு மெசேஜ் போடுவது என் வழக்கமாகிவிட்டது: நாளை இன்டர்வியூ உறுதிதானே, இன்றிரவு ஏழு மணிக்குப் புறப்படுகிறேன். புறப்படும் நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். யாராவது இரவோடு இரவாகக் கிளம்பி வருகிறார்கள் என்று கண்ணில் பட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அடுத்த வாரம் செலக்ட் ஆகிவிட்டீர்கள், முதலாம் திகதி சேர வேண்டும் என்று போன் வந்தது. லயம் முழுக்கச் செய்தி போய்விட்டது, அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தார். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலும் வந்தது. கிராம சேவகர் சான்றிதழ், பொலிஸ் ரிப்போர்ட், மெடிக்கல், கல்விச் சான்றிதழ்களின் மூலப் பிரதிகள், இரண்டு பிணையாளர்கள். கிராம சேவகரைப் பிடிப்பது ஒரு நாள், அதற்குப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்குவது ஒரு நாள், அந்தச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், அதனால் சும்மா எடுத்தும் வைக்க முடியாது. மெடிக்கலைத் தனியார் லேபில் என் கைக்காசில் எடுக்கச் சொன்னார்கள். இதில் எதையும் நியமனக் கடிதம் கையில் வருவதற்கு முன்னால் காசு கொடுத்து எடுக்காதீர்கள். “கடிதம் கிடைத்ததும் ஒரு வாரத்தில் எல்லாம் தந்துவிடுகிறேன்” என்று சொல்லலாம், ஒழுங்கான இடத்தில் ஒத்துக்கொள்கிறார்கள்.

பிணையாளர் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காசு புழங்குகிற வேலை என்பதால் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், ஒருவர் அரச உத்தியோகத்தர், மற்றவர் சொந்தக் காணி உறுதி உள்ளவர். லயத்தில் இருக்கிற குடும்பத்துக்கு உறுதி எங்கிருந்து வரும்? நாலு தலைமுறையாக இருக்கிற லயத்து அறைக்கே, நாங்கள் காம்பரா என்போம், அதற்கே எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது, 7 பேர்ச் காணியோடு வீடு தருகிற திட்டமும் எங்கள் டிவிஷனுக்கு வரவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் அதே லயத்தில்தான். கடைசியில் எனக்கு உயர்தரத்தில் கணக்கியல் படிப்பித்த சேர் அரச உத்தியோகத்தராகக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது ஆளுக்கு நான் வேலை செய்த கடையின் முதலாளியிடமே போய் நின்றேன். கடையை விட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, போகிற இடத்துக்குப் பிணை நிற்கச் சொல்லிக் கேட்பது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பாருங்கள். அவர் போட்டார். இப்போதெல்லாம் இன்டர்வியூ முடிவில் நான் கேட்கிற முதல் கேள்வியே பிணையாளர் வேண்டுமா, காணி உறுதி இல்லாதவர்களுக்கு வேறு வழி வைத்திருக்கிறீர்களா என்பதுதான். இரண்டு அரச உத்தியோகத்தர்கள் போதும் என்று ஒத்துக்கொள்கிற இடங்களும் இருக்கின்றன. அந்தப் பத்திரத்தில் தொகையும் காலமும் எழுதாத வெற்று இடம் இருந்தால் சேர்மாரிடம் கொண்டுபோய் நீட்டாதீர்கள், முதலில் நிரப்பித் தரச் சொல்லுங்கள்.

முதலாம் திகதி சேர வேண்டும் என்பதால் கடையில் சொல்லிவிட்டு நின்றேன். கொட்டாஞ்சேனையில் ஒரு அன்ட்டி வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகளோடு போர்டிங் பேசி ஒரு மாத முற்பணம் 15,000 கட்டினோம். ஆவணங்களை எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தபோது நியமனக் கடிதம் எங்கே என்று கேட்டேன். தபாலில் வரும் என்றார்கள். இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் காம்பராவுக்கு என்று தபால் வராது. தோட்ட ஆபிசுக்கு மொத்தமாக வரும், அங்கிருந்து யாராவது டிவிஷனுக்குக் கொண்டு வர வேண்டும். சில நேரம் ஒரு வாரம் கிடக்கும், கைமாறித் தொலைந்தும் போகும். திகதி முடிந்த பிறகு நேர்முகப் பரீட்சைக் கடிதம் கையில் வந்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர்.

அதனால் கடிதம் வராதபோது எனக்குக் கம்பனி மேல் சந்தேகமே வரவில்லை, தோட்ட ஆபிஸ் மேல்தான் வந்தது. போன் எடுத்தால் “போட்டாச்சு நங்கி, பாருங்க” என்றார்கள். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற வழியில் ஆபிசுக்குப் போய்க் கிளாக்கரிடம் கேட்பார். அப்பா தபால்காரரிடம் கேட்பார். கிளாக்கர் பொறுமை இழந்து ஒரு நாள் என் கண் முன்னாலேயே எல்லாத் தபாலையும் மேசையில் கொட்டிக் காட்டினார். முதலாம் திகதி வந்தது, போனது. கடிதம் கிடைத்ததும் வாருங்கள், அது இல்லாமல் சிஸ்டத்தில் போட முடியாது என்றார்கள். பிறகு போன் எடுப்பதை நிறுத்தினார்கள். பிறகு ஹெட் ஆபிசில் ஹோல்டில் இருக்கிறது என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு மாதம் போலக் கழித்து அதே வேலைக்கு அதே விளம்பரம் மறுபடி பேஸ்புக்கில் வந்தது, சம்பளத்தைக் குறைத்துப் போட்டிருந்தார்கள்.

கடிதம் உண்மையிலேயே போட்டார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். தோட்டத்துத் தபால் இப்படித்தான் என்பது அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. தபாலில் போட்டோம் என்று யாராவது சொன்னால் பதிவுத் தபாலா, நம்பர் என்ன என்று கேளுங்கள், ஹட்டன் தபால் கந்தோரில் அந்த நம்பரை வைத்து விசாரிக்கலாம். அதைவிடச் சுலபம், கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து ஈமெயிலில், இல்லாவிட்டால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கடிதம் உண்மையில் இருந்தால் அதற்கு இரண்டு நிமிடம் போதும். சீவியில் தபால் விலாசமாக டவுனில் தெரிந்த கடை ஒன்றின் விலாசத்தைக் கொடுத்து வைப்பதும் நல்லது, நான் இப்போது சித்தப்பாவின் கொம்யூனிகேஷன் கடை விலாசத்தைத்தான் கொடுக்கிறேன்.

அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எழுதப் போனால் நீளும். கடையில் என் இடத்துக்கு வேறு பிள்ளை வந்துவிட்டாள். “கொழும்புக்குப் போகலையா?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் பைப்படிக்குத் தண்ணீர் பிடிக்கப் போவதையே தவிர்த்தேன். போர்டிங் அன்ட்டி பாதிக் காசைத் திருப்பித் தந்தார், அவர் தர வேண்டிய கட்டாயம் இல்லை. பயணம், மெடிக்கல், போர்டிங், இல்லாமல் போன சம்பளம் எல்லாம் சேர்த்தால் எண்பதாயிரத்தைத் தாண்டும். அம்மாவின் சீட்டுக்காசு அதில் போனது.

தொழில் திணைக்கள அலுவலகத்துக்கும் போய்ப் பார்த்தேன். அங்கே இருந்த உத்தியோகத்தர் நன்றாகப் பேசினார், தமிழிலேயே பேசினார். ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை, எழுத்தில் எதுவும் இல்லை, இதை வைத்து நாங்கள் செய்யக்கூடியது குறைவு என்று நேராகச் சொல்லிவிட்டார். ஆனால் அடுத்த வேலைக்கு உதவட்டும் என்று சில விஷயங்கள் சொன்னார். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி வேலைக்குச் சேர்க்கும்போது பதவி, சம்பளம் முதலான விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுதிகாண் காலம் முடிந்த பிறகுதான் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) என்று சொன்னால் அது பொய், சேர்ந்த நாளிலிருந்தே கட்ட வேண்டும், நம் பங்கு 8 வீதம், அவர்கள் பங்கு 12 வீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க அவர்களே கட்டுவது. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தனியாகக் கேட்கச் சொன்னார். எனக்கு அப்போதுதான் விளங்கியது, அறுபதாயிரத்துக்கு மேல் என்று அவர்கள் போட்டிருந்ததில் பாதி அலவன்ஸ், கிழமையில் ஒரு நாள் லீவு போட்டாலே வெட்டுகிற மாதிரியான அலவன்ஸ். தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. அதைத் தாண்டாத அடிப்படைச் சம்பளத்தை வைத்துக்கொண்டு மேலே என்ன அலங்காரம் செய்தாலும் ஈபிஎஃப் கணக்கில் அது தெரிந்துவிடும்.

பெரிய தலையிடி, என் மூலச் சான்றிதழ்களும் பிணைப் பத்திரங்களும் அங்கேயே கிடந்தது. மூலப் பிரதிகளைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதியைக் கொடுத்தால் போதும், கட்டாயம் வேண்டும் என்று பிடித்துக்கொண்டால் என்னென்ன பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்தோடு ஒரு துண்டு வாங்குங்கள். எனக்கு அந்தத் துண்டும் தரவில்லை. போனில் கேட்டுக் கேட்டுப் பலன் இல்லை. கடைசியில் சேர்தான் சொன்னார், பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுது மகள் என்று. எந்தத் திகதியில் யாரிடம் என்ன கொடுத்தேன், பதினான்கு நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் பொலிஸில் முறைப்பாடு செய்வேன் என்று அரைப் பக்கத்தில் எழுதி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். ஒரு வாரத்துக்குள் அந்த மிஸ்ஸே போன் எடுத்து, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இவ்வளவு நாள் எடுக்காத போன். கொழும்பில் கடையில் நிற்கிற எங்கள் லயத்துத் தம்பி ஒருவனுக்கு அதிகாரக் கடிதம் கொடுத்து அனுப்பினேன், நான் போகவில்லை, அந்தப் படியில் இன்னொரு தடவை ஏற மனம் வரவில்லை. பிணைப் பத்திரங்களையும் மறக்காமல் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வேலை கிடைக்காவிட்டாலும் சேருடைய கையெழுத்து யாரோ ஒருவரின் பைலுக்குள் இருக்கும்.

இப்போது கண்டியில் ஒரு இடத்தில் வேலை செய்கிறேன். சம்பளம் கொழும்பில் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவு, வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துபோகலாம். முதல் சுற்று ஸூமில். எங்கள் டிவிஷனில் கோயிலுக்கு மேலே இருக்கிற வளைவில்தான் சிக்னல் ஒழுங்காக வரும், மழை வந்தால் அதுவும் போச்சு, அதனால் சித்தப்பாவின் கடைப் பின்னறையில் உட்கார்ந்து செய்தேன். ஒன்லைன் என்றால் டவுனுக்கு இறங்கிவிடுங்கள், தோட்டத்தில் இருந்துகொண்டு ரிஸ்க் எடுக்காதீர்கள். பிறகு ஒரே ஒரு முறை நேரில் கூப்பிட்டார்கள். அதற்குப் போவதற்கு முன்னால் எத்தனை சுற்று இருக்கிறது, என்ன மொழி, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிணை வேண்டுமா, நியமனக் கடிதம் எப்போது எப்படி வரும் என்று எல்லாவற்றையும் ஒரே வாட்ஸ்அப் மெசேஜாக எழுதி அனுப்பினேன். போனில் கேட்காமல் எழுத்தில் கேட்டால் பதிலும் எழுத்தில் இருக்கும். இவ்வளவு கேட்டால் கோபித்துக்கொண்டு கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்று அனுப்பிய பிறகு கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அந்தக் கண்டி ஆபிஸ் மிஸ் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஒவ்வொன்றாகப் பதில் எழுதி அனுப்பிவிட்டார்.